செம்மண் கரையிலிருந்து மலைப்பாதைக்கு: செட்டிநாட்டில் பனிக்கால ஓட்டப் பயிற்சி

"இங்க மலையே இல்லையே, அப்புறம் எப்படி டிரெயில் ஓட்டத்துக்குத் தயாராகிறது?" காரைக்குடிப் பக்கம் புதிதாக ஓட வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி இது. நியாயமான கேள்விதான். டிரெயில் ஓட்டம் என்றால் தார்ச்சாலையை விட்டு மலை, காட்டுப் பாதையில் ஓடுவது. குன்றக்குடியையும் அங்கங்கே நிற்கும் பாறைக் குன்றுகளையும் விட்டால் இந்த வட்டாரம் சமதரை. ஆனால் மலையோட்டத்துக்குப் போய்ப் பாதியில் நிற்கிறவர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். ஏற்றம் தாங்காமல் நிற்கிறவர்கள் குறைவு. கல்லும் வேரும் கிடக்கிற தரையில் கால் வைக்கத் தெரியாமல், மூன்று மணி நேரம் உடம்பை ஓயாமல் நடத்திப் பழக்கமில்லாமல், தண்ணீரையும் சாப்பாட்டையும் நேரத்துக்கு எடுத்துக்கொள்ளாமல் நிற்கிறவர்கள்தான் அதிகம். இந்த மூன்றையும் சொல்லிக்கொடுக்க நம்மூர்க் கண்மாய்க்கரையும் வண்டிப்பாதையும் போதும். மலைக்கென்று தனியாகச் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். அதற்கும் வழி இருக்கிறது.

தார்ச்சாலையில் 5 கிலோமீட்டர் நிற்காமல் ஓட முடிகிறவர், மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ 15 முதல் 25 கிலோமீட்டர் வரையிலான ஒரு மலையோட்டத்தில் கலந்துகொள்ள நினைக்கிறவர் என்று உங்களை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். 5 கிலோமீட்டர் இன்னும் வசப்படவில்லை என்றால் இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை என்று ஆறேழு வாரம் பழகிவிட்டு இதற்கு வாருங்கள். நாற்பதைத் தாண்டியவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறவர்களும் மருத்துவரைப் பார்த்து இதயத்தைச் சோதித்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

எப்போது தொடங்குவது

ஐப்பசியும் கார்த்திகையும் மழை மாதங்கள். வடகிழக்குப் பருவமழையில் வண்டிப்பாதை எல்லாம் சேறாகிவிடும், கண்மாய்க்கரை ஊறிப்போய் நிற்கும். அப்போது தார்ச்சாலையிலேயே உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். மார்கழி பிறந்ததும், அதாவது டிசம்பர் 16 வாக்கில், மண்பாதைக்கு இறங்கலாம். அங்கிருந்து மாசி முடிய 12 வாரத்துக்குக் குறையாமல் கிடைக்கும். ஒரு மலையோட்டத்துக்குத் தயாராக அது தாராளம்.

விடிகாலையில் வெப்பம் 20, 21 டிகிரியை ஒட்டி இருக்கும். சித்திரையில் ஓடிப் பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். சூரியன் ஆறரைக்குப் பிறகுதான் தலைகாட்டும், எனவே ஐந்தரைக்குக் கிளம்பினால் முதல் அரை மணி நேரத்துக்கு மேல் இருட்டு. மார்கழியில் இன்னொரு வசதியும் உண்டு. கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்கும், வாசலில் கோலம் போடுகிறவர்கள் இருப்பார்கள், டீக்கடை திறந்திருக்கும். தெருவில் ஆள் நடமாட்டம் இருப்பதால் புதியவர்களுக்கும், முக்கியமாகப் பெண்களுக்கும், இருட்டில் ஓடிப் பழக இதைவிட நல்ல மாதம் கிடையாது. கானாடுகாத்தான், கோட்டையூர், பள்ளத்தூர் போன்ற ஊர்களின் நேர்கோட்டுத் தெருக்களில் அரை மணி நேரம் ஓடி, வெளிச்சம் வந்ததும் ஊருக்கு வெளியே செம்மண்ணில் இறங்குவது நல்ல ஏற்பாடு.

"பனி தலையில இறங்கும்"என்று அப்பத்தா துண்டைக் கட்டிவிட்டால் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். பத்து நிமிடத்தில் சூடு ஏறியதும் அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொள்ளலாம். ஸ்வெட்டர் மட்டும் வேண்டாம். நம் பனிக்கால விடியலில் குளிரைவிடக் காற்றின் ஈரப்பதம்தான் பெரிய விஷயம். வியர்வை உலராமல் சட்டையிலேயே நிற்கும். குளிர்ச்சியாக இருக்கிறதே என்று தண்ணீர் குடிக்காமல் விட்டுவிடுவார்கள், ஒன்றரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும்.

முதலில் தரையைப் படியுங்கள்

முதல் இரண்டு வாரம் வேகத்தையும் தூரத்தையும் மறந்துவிட்டு, தரை எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். இங்கே ஒரே ஓட்டத்தில் நாலு விதமான மண் வரும்.

ஊரை ஒட்டி இருப்பது செம்மண்ணும் செம்புறாங்கல் சரளையும். மழை பெய்து ஒரு நாள் ஆன செம்மண் ஓடுவதற்கு அமிர்தம், கால் பதிந்து பதிந்து எழும். அதே மண் தை நடுவில் காய்ந்துவிட்டால் மேலே உருண்டைச் சரளை தனியாகப் பிரிந்து கிடக்கும். இறக்கத்தில் அதன்மேல் கால் வைத்தால் தரையில் கொட்டிய கடுகின்மேல் மிதித்த மாதிரிதான். அங்கே காலை நீட்டி வைக்காதீர்கள். அடியைச் சின்னதாக்கி, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி உடம்புக்கு நேர் கீழே வையுங்கள். மலையில் இறங்கும்போது செய்ய வேண்டியதும் இதேதான். எனவே சரளையைக் கண்டு ஒதுங்காமல் அதிலேயே பழகுங்கள்.

கண்மாய்க்குள் இறங்கினால் களிமண். ஈரமாக இருந்தால் ஒவ்வொரு காலிலும் அரைக் கிலோ ஒட்டிக்கொண்டு வரும். அதில் ஓடுவதால் எந்தப் பயனும் இல்லை, கரைமேல் ஏறிவிடுங்கள். தைலமரக் காட்டோரம் மணலும் சருகும். சருகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்பதால் அங்கே நடை.

கரையில் ஓடும்போது இரண்டு இடங்களை அறிந்து வைத்திருங்கள். ஒன்று மடை, கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் வாய். இன்னொன்று கலுங்கு, கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். மடைக்கு மேலே கரை உள்வாங்கியிருக்கும். கலுங்கில் மறுகால் பாயும் நாளில் பாசி படிந்து வழுக்கும், கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று கடக்கக் கூடாது. புதுக் கரையில் ஏறும் முன் ஆடு மேய்க்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என் வழக்கம்.

"அண்ணே, இந்தக் கரை எங்கிட்டுப் போய்ச் சேருது?"

"அங்கிட்டுப் போகாதீக தம்பி, மடைப்பக்கம் கரை இத்துப்போய்க் கெடக்கு. கலுங்கு ஓரமாச் சுத்திப் போங்க, கோயிலுக்கிட்டக் கொண்டுபோய் விட்டுரும்."

எந்த வரைபடத்திலும் இந்தத் தகவல் இருக்காது. கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். ஒருமுறை பேசிவிட்டால் மறுநாள் அவருடைய நாயும் உங்களைத் துரத்தாது. வயல் வரப்பில் மட்டும் ஓடாதீர்கள். அது மண்வெட்டியால் கட்டி வைத்த வரப்பு, நாலு பேர் ஓடினால் சரிந்துவிடும். தையில் அறுவடை முடியும்வரை நெல்லுக்கும் நமக்கும் இடைவெளி இருக்கட்டும்.

அடுத்து, முள். சீமைக்கருவேல முள் ஓட்டக்காரரின் முதல் எதிரி. காலணியின் அடிப்பாகத்தைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் ஏறும். முள் ஏறிவிட்டால் உடனே நின்று காலணியைக் கழற்றுங்கள். உள்ளே விரலை விட்டுத் தடவினால் நுனி தட்டுப்படும். வெளிப்பக்கமாகப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், வளைத்தால் முனை உள்ளேயே ஒடிந்துவிடும். நம் கிராமத்துப் பெரியவர்கள் அரைஞாண் கயிற்றில் தொங்கவிட்டிருந்த முள்வாங்கி ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சந்தையில் இரும்புச் சாமான் விற்கிறவரிடம் கேட்டால் கிடைக்கும். என் பையில் தண்ணீருக்கு அடுத்தபடியாக இருப்பது அதுதான். முள் தைத்த இடத்தைச் சோப்பால் கழுவுங்கள், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

பாம்பு இல்லாத கரை கிடையாது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலும் இந்த மண்ணில் உண்டு. இருட்டில் ஹெட் டார்ச் இல்லாமல் மண்பாதையில் கால் வைக்கவே கூடாது. கையிலும் ஒரு சின்ன டார்ச் வைத்துக்கொள்வது நல்லது. நெற்றி வெளிச்சத்தில் எல்லாம் தட்டையாகத் தெரியும், இடுப்பு உயரத்திலிருந்து சாய்வாக அடிக்கும் வெளிச்சத்தில்தான் கல்லின் நிழலும் பாம்பின் உடலும் பிரிந்து தெரியும். கடித்துவிட்டால் ஓடவோ நடக்கவோ வேண்டாம். கடித்த இடத்தைக் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது மூன்றும் கெடுதல். மோதிரம், கொலுசு, காலணியைக் கழற்றி, காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

நாய் குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் விலகுங்கள். கடித்தாலும் பல் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பதே கூடாது.

எங்கே ஓடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வனத்துறைப் பலகை இருக்கும் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழையாதீர்கள். தேவகோட்டைச் சாலையில் சங்கரபதிக் கோட்டைப் பக்கத்துக் காடு பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் பறவைகள் சரணாலயம். பனிக்காலத்தில் வெளியூர்ப் பறவைகள் வந்து கூடு கட்டியிருக்கும். அவை மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் அவர்கள். அந்தக் கரையில் கும்பலாகப் பேசிக்கொண்டு ஓடுவது அந்த ஊருக்குச் செய்யும் அவமரியாதை.

காலணியும் பையும்

இதில் அதிகம் செலவழிக்க வேண்டாம். செம்மண்ணுக்குச் சாதாரணச் சாலை ஓட்டக் காலணியே முதல் மாதத்துக்குப் போதும். மலையோட்டம் உறுதியானதும் டிரெயில் காலணி வாங்குங்கள். அடியில் 3, 4 மில்லிமீட்டர் பல் இருந்தால் போதும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டை விரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து வாங்குங்கள். முதுகுப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர், விசில், டார்ச், முள்வாங்கி, கொஞ்சம் பணம், முகவரி எழுதிய சீட்டு. இவ்வளவுதான்.

மார்கழி: மெதுவாக, நேரக் கணக்கில்

மார்கழி முழுவதும் ஒரே விதி: ஓடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால் வேகம் அதிகம். பலருக்கு இது எரிச்சலாக இருக்கும், நடக்கிறவர்கூட முந்திப் போய்விடுவாரோ என்று தோன்றும். பரவாயில்லை. நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் தன் ஓட்டக்காரர்களுக்கு முதலில் கொடுத்தது இந்த நீண்ட ஓட்டங்களைத்தான். 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லையும் ஆக்லாந்துக்கு வெளியே மலைச்சாலையில் 22 மைல் ஓடவைத்தார். அந்த ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்றார். அவர்களுடைய தூரத்தைப் பார்த்து நாம் ஓட வேண்டியதில்லை. முதலில் அடித்தளம், பிறகு வேகம் என்ற வரிசையை எடுத்துக்கொண்டால் போதும்.

வாரத்துக்கு நாலு நாள். செவ்வாயும் வியாழனும் 40 நிமிடம், சனிக்கிழமை 30 நிமிடம், ஞாயிறு 60 நிமிடம். ஞாயிறு நேரத்தை வாரத்துக்குப் பத்து நிமிடமாகக் கூட்டி மூன்றாவது வாரத்தில் 80 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள். கிலோமீட்டர் பார்க்காதீர்கள். சேற்றிலும் மணலிலும் ஒரு கிலோமீட்டருக்கு 9 நிமிடம் ஆகலாம், அதே உழைப்பில் தார்ச்சாலையில் 7 நிமிடம் வரும். கைக்கடிகாரம் காட்டும் பேஸை, அதாவது கிலோமீட்டருக்கு ஆகும் நிமிடத்தை, துரத்தினால் மண்பாதையில் கணுக்கால்தான் போகும். நேரம் மட்டும் கணக்கு. நாலாவது வாரம் பாதியாகக் குறைத்து ஓய்வு எடுங்கள், கூட்டிக்கொண்டே போனால் தசைநாரும் எலும்பும் தாங்காது. மூச்சு சீக்கிரம் பழகிவிடும், அவை பழக மாதக்கணக்கில் ஆகும். புதியவர்களுக்கு மூன்றாவது மாதத்தில் முழங்காலும் கெண்டைக்கால் எலும்பும் வலிப்பதற்கு இதுதான் காரணம்.

ஓடாத நாளில் பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பக்கத்துக்கு ஒரு நிமிடம். பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு. கணுக்கால் பிசகாமல் இருக்க இதைவிட மலிவான பயிற்சி எனக்குத் தெரியாது.

தை: கரை, படி, திண்ணை

பொங்கல் வாரத்தில் பயிற்சி அட்டவணையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். வீட்டோடு இருங்கள். சிராவயல் மஞ்சுவிரட்டு அன்றைக்கு அந்தப் பக்கச் சாலைகளில் ஓட இடமே இருக்காது. அப்புறம் தைப்பூசம் நெருங்கும்போது குன்றக்குடி வழியாகப் பழநிக்குப் போகும் பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரம் முழுக்க இருக்கும். அவர்களை ஒரு ஓட்டக்காரராகக் கவனித்துப் பாருங்கள். இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறியதும் நிழலில் படுத்து, சாயங்காலம் மறுபடி நடக்கிறார்கள். தண்ணீர்ப்பந்தல் வந்தால் கொஞ்சம் மட்டும் குடிக்கிறார்கள். கொப்புளத்தை உடனே பார்த்துக்கொள்கிறார்கள். முதல் நாளில் யாரும் வேகம் காட்டுவதில்லை. நகரத்தார் காவடியோடு நடக்கும் எழுபது வயதுக்காரர் ஒருவரின் நடையைப் பத்து நிமிடம் பின்தொடர்ந்தால் நீண்ட தூரத்தை எப்படிப் பங்கிட்டு நடப்பது என்பது புரிந்துவிடும்.

இனி ஏற்றம். நம் கண்மாய்க்கரை பெரும்பாலும் நாலு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 முறை ஏறினால் 100 மீட்டர். செவ்வாய்க்கிழமையில் இதைச் செய்யுங்கள்: மாடு ஏறி இறங்கிப் பாதை விழுந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, 20 நிமிடம் மெதுவாக ஓடிச் சூடேற்றிய பின், ஏறுவது வேகமாக, இறங்குவது நிதானமாக என்று எட்டில் தொடங்கி வாரத்துக்கு வாரம் கூட்டி 25 வரை. புல் முளைத்த சரிவில் ஏறிக் கரையைக் கெடுக்காதீர்கள். அந்த வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் 800 மீட்டர் ஏற்றமுள்ள போட்டிக்குக் கரை மட்டும் போதாது, 200 முறை யாரும் ஏறப் போவதில்லை. எனவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரான்மலைக்குப் போங்கள். சிங்கம்புணரிக்கு அப்பால், பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படுவது அதுதான். அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர் கோயில், உச்சியில் தர்கா. பாறையும் படியும் ஒற்றையடிப் பாதையும் கலந்த உண்மையான மலையேற்றம். தனியாகப் போகாதீர்கள், விடிந்த பிறகு ஏறி வெயிலுக்கு முன் இறங்கிவிடுங்கள். ஏறும்போது ஓட வேண்டாம். கையைத் தொடைமேல் ஊன்றி, சின்ன அடியாக, நிற்காமல் நடங்கள். பெரிய போட்டிகளில் முன்னணியில் வருகிறவர்களே செங்குத்தான ஏற்றத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள்.

குன்றக்குடி பக்கத்தில் இருக்கிறது என்று சிலர் அந்தப் படியில் ஓடிப் பயிற்சி செய்யக் கேட்பார்கள். என் கருத்து, வேண்டாம். அது கோயில் படி. முருகனைக் கும்பிட வெறுங்காலில் நடந்தே ஏறி இறங்குங்கள், காலுக்கும் அது நல்லதுதான்.

மலையில் உடம்பை அதிகம் வதைப்பது ஏற்றமல்ல, இறக்கம். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. அப்போது தசை இழைகளில் நுண்ணிய கிழிசல் விழும், அடுத்த நாளும் மறுநாளும் படியிறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான். நல்ல செய்தி, ஒருமுறை இந்த வலியை அனுபவித்த தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அவ்வளவு சேதமடைவதில்லை. எனவே போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால் பிரான்மலையில் ஒரு நல்ல இறக்க ஓட்டம் கட்டாயம் இருக்கட்டும். மற்ற வாரங்களுக்கு வீட்டிலேயே வழி உண்டு. செட்டிநாட்டு வீட்டு வாசலில் படி இல்லாமல் இருக்காது. கீழ்ப்படிக்கு முகத்தைக் காட்டி, ஒற்றைக் காலில் நின்று, மற்றக் குதிகாலை மெதுவாக, மூன்று எண்ணும் நேரம் எடுத்து, கீழே தொட்டு மேலே வாருங்கள். முழங்கால் உள்பக்கம் சாயாமல் கால்விரலுக்கு நேராக இருக்க வேண்டும். பக்கத்துக்கு 12 முறை, மூன்று தடவை, வாரத்தில் இரண்டு நாள். அதே படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது கெண்டைக்காலுக்கு. முடித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கலாம்.

தை ஞாயிறுகளில் நீண்ட ஓட்டம் 90 நிமிடத்திலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குப் போகும். இனி சாப்பாட்டுப் பழக்கம் தொடங்க வேண்டும்.

தண்ணீரும் தீனியும்

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் ஓட்டத்துக்கு எதுவும் தேவையில்லை. அதற்கு மேல் போனால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்பது கணக்கு. ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். கருப்பட்டித் துண்டு பெரும்பாலும் சர்க்கரைதான், சட்டென்று வேலை செய்யும். எனக்கு மிகவும் பிடித்தது உப்புப் போட்டு அவித்த சின்ன உருளைக்கிழங்கு, இனிப்பு திகட்டிய மூன்றாவது மணியில் அது தெய்வம். மாவுருண்டையை எல்லோரும் கேட்பார்கள். நெய் இருப்பதால் செரிக்க நேரமாகும், ஏற்றத்தில் நடக்கும்போது சாப்பிடலாம், வேகமாக ஓடும்போது வேண்டாம். கடலை மிட்டாயும் அப்படித்தான். முந்தின இரவு இடியாப்பமோ சோறோ வயிறாரச் சாப்பிடுங்கள், காரக் குழம்பை மட்டும் ஓட்டம் முடிந்த மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஆள் மாறும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்த்திருக்கிறது. அது முழுவதையும் ஓடும்போதே குடிக்க வேண்டியதில்லை, பாதிக்கு மேல் போனால் போதும். வெறும் தண்ணீரை லிட்டர் லிட்டராகக் குடிப்பது ஆபத்து, ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் வலிப்பும் வரும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகும் ஓட்டத்துக்கு ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டாமல், வீட்டிலேயே ஒரு லிட்டரில் கரைத்து இரண்டு பாட்டிலில் ஊற்றிக்கொள்வதுதான் சரி. மற்ற நாளில் எலுமிச்சை, உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீர் போதும். ஓடும்போது வலிநிவாரணி மாத்திரை போடாதீர்கள். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும் நேரத்தில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

காகிதம், பாக்கெட் எதுவும் கண்மாயில் விழக் கூடாது. அந்தத் தண்ணீரை மாடு குடிக்கிறது.

மாசி: ஒத்திகை

இந்த மாதம் புதிதாக எதையும் கற்க வேண்டாம், போட்டி நாளை ஒத்திகை பாருங்கள். அதே காலணி, அதே பை, அதே சாப்பாடு, அதே கிளம்பும் நேரம். ஒரு சனிக்கிழமை 90 நிமிடமும் மறுநாள் காலை இரண்டு மணி நேரமும் ஓடுங்கள். களைத்த காலில் ஓடுவது எப்படி இருக்கும் என்று அப்போது தெரியும்.

போட்டியின் நேரத்தைக் கணிக்க எளிய வழி: தூரத்தோடு, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள். 21 கிலோமீட்டர், 800 மீட்டர் ஏற்றம் என்றால் 29. உங்கள் நீண்ட ஓட்ட வேகம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்றால் 203 நிமிடம், கரடுமுரடுக்குக் கொஞ்சம் சேர்த்தால் மூன்றரை முதல் நாலு மணி நேரம். அமைப்பாளர் கொடுத்திருக்கும் கட்-ஆஃப் நேரத்தோடு, அதாவது முடிப்பதற்கான கடைசி நேரத்தோடு, ஒப்பிட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஜவ்வாது மலை, நீலகிரி, கர்நாடக மலைநாட்டுக் காப்பித் தோட்டங்கள் என்று பல இடங்களில் ஓட்டங்கள் நடக்கின்றன. தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் போட்டிக்கு ஏற்றம் குறைவானதைத் தேர்ந்தெடுங்கள்.

குளிரைக் குறைத்து எடைபோடாதீர்கள். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காரைக்குடியில் 21 டிகிரி இருக்கும் பனிக்கால விடியலில் அங்கே 7 டிகிரி. நம்மூர் உடம்புக்கு அது கடுங்குளிர். மெல்லிய முழுக்கைச் சட்டை, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், கையுறை எடுத்துப் போங்கள். உயரத்தில் மூச்சும் வாங்கும், முதல் அரை மணி நேரம் வழக்கத்தைவிட மெதுவாகவே போங்கள்.

கடைசிப் பத்து நாள் பயிற்சியைப் பாதியாக்குங்கள். கால் துறுதுறுவென்று இருக்கும், ஓடி விடாதீர்கள்.

போட்டி அன்று

நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டியிருக்க வேண்டும். உரசும் இடங்களில் வாசலின் தடவுங்கள். கூட்டத்தின் பின்பாதியில் நின்று தொடங்குங்கள், ஒற்றையடிப் பாதை வரும்வரை எல்லோரும் பறப்பார்கள், விட்டுவிடுங்கள். பின்னால் வருகிறவர் வழி கேட்டால் நின்று ஒதுங்கிக் கொடுங்கள், ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழி விடுவது மரியாதை. வழி காட்டும் ரிப்பன் ஐந்து நிமிடத்துக்கு மேல் கண்ணில் படவில்லை என்றால் முன்னே போய்த் தேடாமல், கடைசியாக ரிப்பன் பார்த்த இடத்துக்கே திரும்புங்கள். வழியில் தண்ணீரும் தீனியும் கொடுக்கும் எய்ட் ஸ்டேஷனில் உட்காராமல், பாட்டிலை நிரப்பி, ஒரு வாய் சாப்பிட்டு நடந்துகொண்டே கிளம்புங்கள். யாராவது விழுந்து கிடந்தால் உங்கள் நேரம் முக்கியமில்லை, நின்று விசில் ஊதி உதவிக்கு ஆள் வரும்வரை இருங்கள்.

உங்களுக்கே கூரான வலி வந்து நடை மாறினாலோ, குளிரில் நடுக்கம் நிற்காமல் பேச்சுக் குழறினாலோ, அடுத்த எய்ட் ஸ்டேஷனில் சொல்லிவிட்டு நின்றுவிடுங்கள். மலை அடுத்த ஆண்டும் இருக்கும்.

முடித்த பிறகு ஈரச் சட்டையை மாற்றுவது முதல் வேலை. ஒரு வாரம் நடை மட்டும். படியிறங்கும்போது தொடை வலிக்காத நாளில் 20 நிமிடம் மெதுவாக ஓடிப் பாருங்கள். அதற்குள் பங்குனி வெயில் வந்திருக்கும். ஐந்து மணிக்குக் கிளம்பி ஆறேகாலுக்குள் வீடு திரும்புகிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் 40 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். வாசல்படிப் பயிற்சியை மட்டும் விடாமல் செய்துவந்தால் அடுத்த மார்கழியில் கரையேற்றத்தை எட்டுக்குப் பதில் பதினைந்திலிருந்தே தொடங்கலாம்.